எந்த மெர்சிங் ரோடு?

போன வாரம் நாகம்மை பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனதற்கு என்னைத்தான் எல்லாரும் பிடித்துக்கொண்டார்கள். "அந்த அம்மாவை ஏன் இப்படிப் பொல்லாதவளாக்குறீங்க?" என்று ஒரு வாசகி. "சின்னவ தேன்மொழிதான் ரொம்பத் துள்ளுறா, கொஞ்சம் தட்டி வைங்க" என்று இன்னொருவர். நான் யாரைத் தட்டி வைக்க? என் பேச்சை இந்த வீட்டில் யார் கேட்கிறார்கள்?

புதிதாகச் சேர்ந்துகொண்டவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். உலு திராமில் காசிவிஸ்வநாதனுக்கு மளிகை மொத்த வியாபாரம். அரிசி, பருப்பு, மசாலைத் தூள் என்று ஜொகூர் மாநிலம் முழுக்கச் சாமான் போகிறது. எந்தக் கடைக்கு எந்த லோரி, யாருக்கு என்ன கூலி என்பதெல்லாம் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் மனைவி நாகம்மையின் பொறுப்பு. போனை எடுத்து இரண்டு வார்த்தை பேசினால் போதும், வாசலில் லோரி நிற்கும்.

இப்போது நாகம்மையின் கொழுந்தன் விக்னேஷின் மனைவி தேன்மொழி ஒரு யோசனை சொல்லிவிட்டாள். அவள் சிங்கப்பூரில் சரக்கு ஏற்றி அனுப்பும் ஆபீசில் வேலை பார்த்தவள். லோரி பிடிக்கிற வேலையை நாம் ஏன் கட்டிக்கொண்டு அழ வேண்டும்? கெலாங் பாத்தாவில் அதற்கென்றே ஒரு கம்பெனி இருக்கிறது. அவர்களிடம் விட்டுவிட்டால் பல லோரிக்காரர்களிடம் விலை கேட்பார்கள், ஒரே பக்கம் போகும் சாமான்களை ஒரே லோரியில் சேர்ப்பார்கள், செலவு தானாகக் குறையும் என்றாள். காசிக்கு யோசனை பிடித்துப்போனது. நாகம்மைக்குச் சோறு இறங்காமல் போனது அதனால்தான்.

இன்றைக்கு வெள்ளோட்டம். இன்று கிளம்பும் சாமான்களெல்லாம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தால் சாயங்காலம் காசி அந்தக் கம்பெனியோடு கையெழுத்துப் போடுவார். போட்டுவிட்டால் நாகம்மைக்கு ஸ்டோரில் நாற்காலி இருக்கும், காற்றாடி இருக்கும், வேலை மட்டும் இருக்காது.

காலையிலேயே குளித்து, நெற்றியில் திருநீறு பூசிக்கொண்டு அவள் ஸ்டோருக்கு வந்துவிட்டாள். எதற்கு வந்தாள் என்று கேட்டால் அவளுக்கே பதில் தெரியாது. மேசை மேல் அவளுடைய பழைய போன் கிடந்தது. வழக்கமாக இந்த நேரத்துக்கு அது ஓயாமல் அலறும். இன்று பேச்சு மூச்சில்லை.

வாசலில் தேன்மொழி நின்றுகொண்டிருந்தாள். ஜீன்ஸ், தளர்வான சட்டை, கையில் போன். அதைத் தேய்த்துத் தேய்த்து, "இது பத்து பகாட், இது பொந்தியான், இது குளுவாங்" என்று ஆட்களுக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். மூட்டை தூக்கும் பையன்கள் அவள் சொன்ன பக்கமெல்லாம் ஓடினார்கள். நாகம்மை ஒன்றைச் சொன்னால் "இருங்க ஆச்சி, தண்ணி குடிச்சிட்டு வர்றோம்" என்கிறவர்கள்தான் இவர்கள்.

அய்யாவுவின் லோரி பின்பக்கமாக வந்து நின்றது. நாகம்மைக்கு முகம் மலர்ந்தது. எத்தனையோ வருஷமாக இந்த ஸ்டோருக்கு ஓட்டுகிறவர். பிழைப்புக்காக அவரும் கெலாங் பாத்தா கம்பெனியில் பேரைக் கொடுத்து வைத்திருந்தார். அது பரவாயில்லை. மனுஷன் நம்ம மனுஷன்தானே.

"பெரட்டுக்கு லேட்டா வந்துட்டேனா, ஆச்சி?" என்று, தோட்டத்தில் காலை ஆளெண்ணிக்கைக்கு வந்து நிற்கிறவர் போலச் சிரித்துக்கொண்டே இறங்கினார் அய்யாவு.

ஆச்சி. நகரத்தார் வீட்டுப் பெண்களை மரியாதையாகக் கூப்பிடுகிற சொல். இந்த ஸ்டோரில் ஆச்சி என்றால் நாகம்மை ஒருத்திதான்.

"ஜாம்ல மாட்டிக்கிட்டீங்களா, அய்யாவு?" என்று சொல்ல வாயைத் திறந்தவள் அப்படியே மூடிக்கொண்டாள். அய்யாவு அவளைப் பார்க்கவில்லை. தேன்மொழியைப் பார்த்துக் கேட்டிருந்தார்.

தேன்மொழியின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஒரு நிமிஷம் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு காது வரைக்கும் சிரித்தாள். "இல்லண்ணே, கரெக்ட் டைம்தான் லா."

நாகம்மைக்கு வயிறு எரிந்தது. மறைக்க என்ன இருக்கிறது, பற்றிக்கொண்டுதான் எரிந்தது. விக்னேஷ் விரும்பிக் கட்டிக்கொண்டு வந்த பெண் இவள். குளுவாங் தோட்டத்துப் பிள்ளை. வீட்டுக்கு வந்தபோது நாகம்மைதான் ஆரத்தி சுற்றி உள்ளே அழைத்தாள், தன் நகையைப் போட்டு அழகு பார்த்தாள். இப்போது கணவன் அவளிடம்தான் யோசனை கேட்கிறார். பெற்ற மகள் சாருமதி, "சித்தி செம்ம கெட்டிக்காரிம்மா" என்று வாரத்துக்கு ஒருமுறை போனில் பாடுகிறாள். லோரியும் போய்விட்டது. மிச்சம் இருந்தது அந்த ஒரு சொல். அதையும் எடுத்துக்கொள்கிறாளா?

அவள் மேசைக்குத் திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள்.

"குளுவாங் லோரி!" என்று தேன்மொழி உரக்கப் படித்தாள். "டவுன்ல ரெண்டு கடை. அப்பறம் பாருங்கற சின்ன ஊருல ஒண்ணு. கடைசியா மெர்சிங் ரோடு பதினாலாங்கட்டை, தனலெட்சுமி கேட்டரிங். அரிசி, பருப்பு, மசாலை. ராத்திரிக் கல்யாண விருந்து, ஐநூறு பேரு. மத்தியானத்துக்குள்ள சாமான் அங்க இருக்கணும்."

நாகம்மை நிமிர்ந்தாள்.

தனத்தின் சாமான் குளுவாங் லோரியிலா?

இந்தப் பக்கத்து ஆட்களுக்கு ஊர் எல்லாம் கட்டைக் கணக்குத்தான். சாலையோரத்து மைல்கல்லை எண்ணிப் பத்தாங்கட்டை, பதினாலாங்கட்டை என்று சொல்லிவிட்டால் போதும், போய்ச் சேர்ந்துவிடலாம். முன்தினம் தேன்மொழி ஒவ்வொரு கடையாக அட்ரஸ் கேட்டபோது நாகம்மையும் வேண்டாவெறுப்பாக அப்படித்தான் சொன்னாள். "தனமா? மெர்சிங் ரோடு பதினாலாங்கட்டை. யாரக் கேட்டாலும் சொல்லுவாங்க."

உலு திராமில் இருக்கிறவர்களுக்கு மெர்சிங் ரோடு என்றால் கோத்தா திங்கியிலிருந்து மெர்சிங் போகிற ரோடு. தனத்தின் சமையல் கொட்டகை அங்கேதான் இருக்கிறது, இங்கிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. ஆனால் குளுவாங்கிலிருந்தும் மெர்சிங்குக்கு ஒரு ரோடு போகிறது. குளுவாங்கில் பிறந்து வளர்ந்தவளிடம் மெர்சிங் ரோடு என்று சொன்னால் அவள் எதை நினைப்பாள்? தன் ஊர் ரோட்டைத்தான் நினைத்திருக்கிறாள். அந்தப் பதினாலாங்கட்டையில் செம்பனைத் தோட்டம்தான் இருக்கும்.

எழுந்து போய் ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான். நாகம்மை எழுந்தும் விட்டாள். அப்போது கண்ணாடி அறையிலிருந்து காசி எட்டிப் பார்த்தார்.

"பாத்தியா நாகு? ஒரு போன் அடிக்கல, ஒரு சத்தம் போடல. லோரியெல்லாம் வரிசையா வந்து நிக்குது. இத்தன வருஷம் நாம என்னத்தக் கத்திக்கிட்டு இருந்தோம்?"

நாம் என்றா சொன்னார்? கத்தியது நாகம்மை. காலையும் மாலையும் தொண்டை வற்றக் கத்தி, லோரிக்காரன் பெண்டாட்டிக்குப் பிரசவம் என்றால் மருந்துப்பொடி கொடுத்தனுப்பி, அவர்கள் வீட்டுக் கல்யாணம் கருமாதிக்கெல்லாம் போய் நின்று இந்த லோரிகளை நிறுத்தி வைத்திருந்தது அவள். எழுந்தவள் தேன்மொழி பக்கம் போகாமல் பின்பக்கம் அரிசி மூட்டைகள் இருக்கும் இடத்துக்குப் போய்விட்டாள்.

அய்யாவு அங்கே தேடிக்கொண்டு வந்தார். கையில் போன்.

"ஆச்சி, ஒரு சந்தேகம். தனம்மா எடம் நம்ம கோத்தா திங்கி பக்கமில்ல? இதுல குளுவாங் பக்கமாக் காட்டுது. கல்யாணத்துக்காகச் சமையல வேற எடத்துல வச்சிருக்காங்களா?"

கேட்டுவிட்டார். வாயில் பதிலை ஊட்டிவிட்டது போலக் கேட்டுவிட்டார். ஆமாம் அய்யாவு, அது தப்பு என்று சொன்னால் முடிந்தது.

"என்னைய எதுக்குக் கேக்குறீங்க?" என்றாள் நாகம்மை. "லோரி விஷயமெல்லாம் இப்ப நான் பாக்குறதில்லியே. போன்ல என்ன போட்டிருக்கோ அதுபடி போங்க."

அய்யாவு அவளையே பார்த்தார். "சரிங்க ஆச்சி" என்று தலையாட்டிவிட்டுப் போனார்.

அவள் திரும்பினால் தேன்மொழி நிற்கிறாள், கையில் இரண்டு பிளாஸ்டிக் பையில் தேத்தண்ணீரோடு.

"அய்யாவு அண்ணன் என்ன கேட்டாரு அக்கா?"

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லியா?"

"ஒண்ணுமில்லன்னா ஒண்ணுமில்ல. என் தேத்தண்ணில சீனி போட்டியா? எனக்குச் சீனி ஆகாதுன்னு தெரியுமில்ல?"

தேன்மொழி பையை அவள் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். கொஞ்ச நேரத்தில் லோரி கிளம்பிற்று.

நாகம்மை தன்னைத் தானே சமாதானப்படுத்திக்கொண்டாள். ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் கழித்து, "அடடா, இது தப்பான ரோடாச்சே" என்று அப்போதுதான் தெரிந்தது போலச் சொல்லிவிடலாம். லோரி திரும்பி வந்துவிடும். சாமானும் போய்ச் சேரும். ஆனால் புதுக் கம்பெனியின் சாயம் வெளுத்துவிடும். ஆச்சி இல்லாமல் ஆகாது என்று காசியே சொல்லிவிடுவார்.

அந்த ஒரு மணி நேரத்தில் தேன்மொழி இரண்டு முறை அவள் மேசைப் பக்கம் வந்தாள். முதல் முறை ஸ்டேப்ளர் கேட்டாள். இரண்டாம் முறை சும்மா வந்து நின்றாள்.

"அக்கா, என்கிட்ட ஏதாச்சும் சொல்லணுமா?"

"உன்கிட்ட எனக்கு என்ன சொல்ல இருக்கு? எல்லாம் தெரிஞ்சவ நீ."

பெருமை அடிக்கத்தான் வந்து நிற்கிறாள் என்று நாகம்மை நினைத்தாள். வெறுப்பில் அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் ஏதாவது புரிந்திருக்கும். கதை எழுதுகிறவளாக எனக்கு அந்த வருத்தம் உண்டு.

ஒரு மணி நேரம் இரண்டாயிற்று, மூன்றாயிற்று, மத்தியானமும் நெருங்கிவிட்டது. சொல்ல வேண்டும் என்று எழும்போதெல்லாம் ஏதோ ஒன்று வந்தது. காசி தேன்மொழியைக் கூப்பிட்டு அடுத்த வருஷத்துக் கணக்கைப் பேசினார். விக்னேஷ் சிங்கப்பூரிலிருந்து கூப்பிட்டு, "என் வொய்ஃப் எப்படி?" என்று ஸ்பீக்கரில் கேட்டுச் சிரித்தான். ஒவ்வொன்றுக்கும் நாகம்மை திரும்ப உட்கார்ந்துகொண்டாள். உட்கார்ந்திருக்கும்போதே அவளுடைய பழைய போன் அலறியது.

"ஆச்சி! எங்க ஆச்சி லோரி?" தனலெட்சுமி அழாத குறை. "அரிசி ஊற வைக்கணும், பருப்பு வேக வைக்கணும், சமையக்காரரு கையக் கட்டிக்கிட்டு உக்காந்திருக்காரு. பொண்ணு வீட்டுக்காரங்க வந்து வந்து பாக்குறாங்க. என் மானமே போயிரும் ஆச்சி!"

இத்தனை நேரம் நாகம்மை நினைத்ததெல்லாம் தேன்மொழியின் முகம் வாடுவதை. தனத்தின் முகம் ஒருமுறைகூட நினைவுக்கு வரவில்லை. கணவன் போனபின் ஒற்றை அடுப்போடு தொழில் ஆரம்பித்தவள் தனம். அவளுக்குக் கடனுக்குச் சாமான் கொடுத்துக் கைதூக்கி விட்டதே நாகம்மைதான்.

அதற்குள் காசி வெளியே வந்துவிட்டார். தேன்மொழி போனைப் பார்த்து, லோரி பாருவைத் தாண்டிவிட்டது என்றாள். காசிக்குத் தலை சுற்றியது.

"குளுவாங் தாண்டி அங்க என்ன பண்ணுது? யாரு குடுத்த அட்ரஸ் இது? நாகு, நீதானே குடுத்தே? ஒரு அட்ரஸ்கூட ஒழுங்காச் சொல்லத் தெரியாதா?"

ஸ்டோரே திரும்பிப் பார்த்தது. நாகம்மை வாய் திறக்கும் முன்னால் தேன்மொழி முந்திக்கொண்டாள்.

"அக்கா சரியாத்தான் சொன்னாங்க மாமா. மெர்சிங் ரோடுன்னாங்க. எனக்கு மெர்சிங் ரோடுன்னா எங்க ஊரு ரோடுதான். எந்த மெர்சிங் ரோடுன்னு நான்தான் கேக்கல. தப்பு எம்மேல."

கேட்ட மாத்திரத்தில், தயாராக வைத்திருந்தது போல வந்தது பதில். நாகம்மை அதைக் கவனிக்கவில்லை. அவளைச் சுட்டது வேறு. இவள் தனக்காகப் பேசுகிறாள்! தப்பை ஒத்துக்கொண்டு எல்லார் கண்ணிலும் உயர்ந்துவிட்டாள். "பரவால்லம்மா, புதுசுல அப்படித்தான்" என்று காசி தணிந்தே போய்விட்டார். இதே தப்பை நாகம்மை செய்திருந்தால் வீட்டுக்கு வந்தும் கத்தியிருப்பார்.

எரிச்சலை விழுங்கிக்கொண்டு அவள் அய்யாவுவுக்கு அடித்தாள்.

"அய்யாவு, அங்க இல்ல. திரும்பாதீங்க, அப்படியே நேரா போங்க. ஜெமாலுவாங்ல ரெண்டு மெர்சிங் ரோடும் சேருது இல்ல? அங்க வலது பக்கம் திரும்பிக் கோத்தா திங்கி பக்கமா இறங்குனா தனம் எடம் வந்துரும்."

"வழி தெரியும் ஆச்சி. ஆனா என் இஷ்டத்துக்குத் திருப்ப முடியாது லா. கம்பெனிலேருந்து போன்ல மாத்திப் போடணும். இல்லன்னா டீசல் எண்ணைக் காசு என் கையிலேருந்து போயிரும்."

அவள் அப்படியே நின்றாள். ஒரு வார்த்தை சொன்னால் தாய்லாந்து பார்டர் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போகிற மனுஷன். இப்போது அவள் வார்த்தை செல்லாது. போனைக் காதிலிருந்து எடுத்து, தேன்மொழியிடம் திரும்பி, அவள் கேட்டே ஆக வேண்டியிருந்தது.

"தேனு, கொஞ்சம் மாத்திப் போடு."

தேன்மொழி கெலாங் பாத்தாவுக்கு அடித்து மாற்றிப் போட்டாள். நாகம்மை கோத்தா திங்கியில் மளிகைக் கடை வைத்திருக்கும் அங்கம்மாவைக் கூப்பிட்டாள். "அங்கம்மா, என்ன ஏதுன்னு கேக்காத. நாலு மூட்டை அரிசி, பருப்பு, கையில இருக்குற மசாலையெல்லாம் வேன்ல ஏத்தி இப்பவே தனத்துக்கிட்ட அனுப்பு. சாமானுக்குச் சாமான் நாளைக்குத் தர்றேன்." அங்கம்மா ஏன் என்று கேட்கவில்லை. வேன் கிளம்பிவிட்டது.

அடுப்பு பற்றியது. பின்னாலேயே லோரியும் போய்ச் சேர்ந்தது. விருந்து கொஞ்சம் தாமதமாகும், ஆனால் நடக்கும் என்று சாயங்காலம் தனம் கூப்பிட்டுச் சொன்னாள். "நீங்க இருக்கப்போயி பொழச்சேன் ஆச்சி" என்றாள். எந்த வார்த்தைக்காகக் காலையிலிருந்து நாகம்மை காத்திருந்தாளோ அதே வார்த்தை. காதில் விழுந்தபோது அவளுக்கு எங்கேயாவது ஓடிப்போய்விடலாம் போலிருந்தது.

கண்ணாடி அறையில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். மேசை மேல் ஒப்பந்தப் பத்திரம், பக்கத்தில் பேனா. ஸ்பீக்கரில் கெலாங் பாத்தா கம்பெனியின் ஹேமநாதன். தன்மையான குரல்.

"சாரி சார். அட்ரஸ் கொழப்பத்த இனிமே நாங்களே ஒரு தடவ கூப்பிட்டுச் சரிபாத்துக்குறோம். ஆனா ஒண்ணு, அந்த டிரைவரு ஏற்கெனவே அந்த எடத்துக்குப் பல தடவ போயிருக்காரு. தப்புன்னு தெரிஞ்சிருக்கணும். கெளம்புறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். ஏன் கேக்கலன்னு கேட்டா, 'மறந்துட்டேன் சார்'ங்கறாரு. இப்படிப்பட்டவங்கள வச்சிக்க முடியாது. அவரை லிஸ்ட்லேருந்து எடுத்துடுறேன். உங்களுக்கு நாளையிலேருந்து வேற லோரி."

"சரிதான்" என்றார் காசி. பேனாவை எடுத்தார். "அய்யாவுவா இப்படி! வயசாயிருச்சு போல."

மறந்துட்டேனாம்! நாகம்மை நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளைக் காட்டிக் கொடுக்காமல் அந்த மனுஷன் தன் பிழைப்பையே கொடுத்துவிட்டார். லோரிக்கு இன்னும் தவணை கட்டுகிறார். காலையில் தேன்மொழியை ஆச்சி என்றதற்காகத்தானே அவர் மேலும் கோபப்பட்டாள்? சின்னவளுக்கும் ஒரு மரியாதை கொடுத்ததற்குத்தானே?

சும்மா இருந்தால் யாருக்கும் தெரியாது. வாயைத் திறந்தால் இந்த ஸ்டோரில் இனி அவளுக்கு முகம் இல்லை. அவள் தேன்மொழியைப் பார்த்தாள். தேன்மொழி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அய்யாவு கேட்டாரு" என்றாள் நாகம்மை.

காசியின் பேனா நின்றது. "என்ன?"

"காலையில கெளம்புறதுக்கு முன்னால என்கிட்ட வந்து கேட்டாரு. தனம் எடம் கோத்தா திங்கி பக்கமில்லியான்னு கேட்டாரு. எனக்குத் தெரியும். போன்ல இருக்குறபடி போங்கன்னுட்டேன்."

"தெரிஞ்சுமா?"

"தெரிஞ்சுதான்."

"ஏன் நாகு?"

ஏதாவது சாக்குச் சொல்லியிருக்கலாம். தலைவலி, ஞாபக மறதி, சுகர் ஏறிவிட்டது, எத்தனையோ இருக்கிறது.

"பொறாமைங்க" என்றாள் அவள். "இவ மேல. இன்னிக்கி எல்லாம் சரியாப் போயிறக் கூடாதுன்னு இருந்துச்சு எனக்கு. அந்த மனுஷன எடுத்துறாதீங்க. எடுக்கணும்னா என்னைய எடுங்க."

ஸ்பீக்கரில் ஹேமநாதன் இருமினார். "நான் அப்பறம் கூப்பிடுறேன் சார்" என்று வைத்துவிட்டார். காசி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், கண்ணையும் துடைத்துக்கொண்டார். பிறகு பேனாவை மூடிச் சட்டைப் பையில் போட்டார். "இன்னிக்கிக் கையெழுத்து வேணாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து, அய்யாவுவுக்குப் போன் அடித்துக்கொண்டே காருக்குப் போனார்.

நாகம்மை ஸ்டோர் கதவை இழுத்துப் பூட்டப் போனாள். ஒரு பக்கம் உடம்பு லேசாக இருந்தது, ஒரு பக்கம் அழுகை வந்தது. தேன்மொழி பின்னாலேயே வந்தாள்.

"அக்கா."

"இன்னும் என்ன? திட்டணுமா? திட்டிக்க."

"அய்யாவு அண்ணன் உங்ககிட்டக் கேட்டப்ப நான் மூட்டைக்கு அந்தப் பக்கம்தான் நின்னேன். எல்லாம் காதுல விழுந்துச்சு."

நாகம்மையின் கை சாவியோடு நின்றது.

"அப்பவே தெரிஞ்சிருச்சு எனக்கு. போன் என் கையிலதான் இருந்துச்சு. ஒரு நிமிஷத்துல மாத்திப் போட்டிருக்கலாம்." தேன்மொழி தரையைப் பார்த்துப் பேசினாள். "மாத்தல. நீங்களே வந்து சொல்றீங்களான்னு பாத்துக்கிட்டு இருந்தேன். ரெண்டு தடவ உங்க மேசைக்கு வந்து நின்னேன். சொல்லலன்னா மாட்டிக்கட்டும்னு விட்டுட்டேன்."

"அடிப்பாவி! தனம்?"

"உங்களுக்கு மட்டும் தனம் ஞாபகம் இருந்துச்சா?"

நாகம்மை கையிலிருந்த சாவியைப் பார்த்துக் குனிந்துகொண்டாள்.

"இந்த வீட்டுக்கு வந்ததுலேருந்து என்னைய யாரும் ஆச்சின்னு கூப்பிட்டதில்ல" என்றாள் தேன்மொழி. குரல் உடைந்துவிட்டது. "இன்னிக்கி ஒருத்தரு, ஒரே ஒரு தடவ கூப்பிட்டாரு. அதுக்கே நீங்க மூஞ்சிய அப்படி வச்சிக்கிட்டீங்க. உங்களுக்கு எத்தன பேரு! இப்பப் பாருங்க, எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிட்டீங்க. மாமா கண்ணு கலங்கிருச்சு. நாளைக்கு அய்யாவு அண்ணன்லேருந்து அந்த ஹேமநாதன் வரைக்கும் ஆச்சி மாதிரி வருமான்னு பேசுவாங்க. தப்பு ரெண்டு பேரும்தான் பண்ணுனோம். அதுலயும் நீங்கதான் முந்திக்கிட்டீங்க அக்கா."

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நாகம்மைக்கு அந்த நிமிஷம் உள்ளே இனித்தது. இவளுக்கும் என் மேல் பொறாமை! இத்தனை நாள் தான் மட்டும்தான் வெந்துகொண்டிருக்கிறோம் என்று நினைத்திருந்தாளே. அடுத்த நிமிஷமே அந்த இனிப்பை நினைத்து அவளுக்குக் கூசியது.

வெளியே காசி ஹாரன் அடித்தார். தேன்மொழி சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மாமாகிட்ட சொல்லுவீங்களா?"

நாகம்மை இரும்புக் கதவை இழுத்துவிட்டுப் பூட்டைப் போட்டாள். சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரும்பினாள்.

"காலையில நான் சொல்றேனா மாட்டேனான்னு பாத்துக்கிட்டு இருந்தேல்ல?" என்றாள். "இப்பவும் பாத்துக்கிட்டு இரு."

முன் சீட்டுக் கதவைத் திறந்து, காசிக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். தேன்மொழி பின்னால் ஏறிக்கொண்டாள்.